ஒரு வார்த்தையும் இரண்டு டக்குகளும்

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் சேர்ந்து மலர் ஒன்று போடப் போகிறார்களாம். புதுத் துறைமுகம் வந்த கதையை நான்தான் எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார். காப்பியைக் குடித்துக்கொண்டே ஊர் விஷயமும் சொன்னார். "அண்ணாச்சி, இப்ப டக்குல ஒரு சின்னப்பய அத்தனை சீனியரையும் சூப்பர்சீட் பண்ணிட்டான். ஒருத்தனும் அவன்கிட்ட மொகம் குடுத்துப் பேச மாட்டேங்கான்."

துறைமுகம் வந்த கதையை எழுத ஆள் நிறைய இருக்கிறது. மந்திரி வந்தார், மாலை போட்டார், கப்பல் வந்தது என்று எழுதிவிட்டுப் போகட்டும். மூத்தவரைத் தாண்டி இளையவரை மேலே ஏற்றுவதற்கு ஆபீஸில் சொல்கிற அந்த சூப்பர்சீட் என்கிற வார்த்தையைப் பற்றி நான் எழுதுகிறேன். பண்ணிட்டான் என்றாரே, அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அவன் எங்கே பண்ணினான்? எங்கோ மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து யாரோ பண்ணுகிறார்கள், பழி மட்டும் இங்கே வந்து சேருகிறது. எழுபதுகளில் எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

என் அப்பா முத்துக்குளிக்கப் போனவர். அது நின்றபிறகு சங்கு குளித்தார். என்னையும் கடலுக்குள் முக்கி எடுக்கத்தான் நினைத்திருந்தார், எனக்குக் காது வலி வந்ததால் தப்பித்தேன். பழைய துறைமுகத்தில் தோணியில் கொஞ்ச காலம், பிறகு இழுவைப் படகில் வடம் பிடிக்கிற லஸ்கர் வேலை. டக் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் தானாகத் திரும்பி, தானாக நின்று, தானாகக் கரையோடு ஒட்டாது. வடம் கட்டி இழுத்தும் முட்டுக்கொடுத்துத் தள்ளியும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற குட்டைப் படகுதான் டக். அதை ஓட்டுகிறவர் டக் மாஸ்டர்.

எனக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்து என்னையும் மாஸ்டராக்கியவர் மூத்த மாஸ்டர் சூசை. கற்றுக்கொடுத்தார் என்று மரியாதையாக எழுதுகிறேன், உண்மையில் ஏசி ஏசியே வேலையை ஏற்றினார். சுக்கானைப் பிடித்திருக்கும்போது கரையில் யாரையாவது பார்த்துவிட்டால் போச்சு, பிடரியில் ஒன்று விழும். தாயும் தகப்பனும் இல்லாத தன் தங்கை பிலோமினாவை அவரே வளர்த்து, அவரே எனக்குக் கட்டியும் கொடுத்தார். அதன்பிறகு பிடரியில் அடிப்பதை விட்டுவிட்டார். மாப்ள, மாப்ள என்றுதான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷன், தங்கை கையால் ஒருவேளைச் சோறு என்பது அவருக்குப் பெரிய விஷயம்.

புதுத் துறைமுகத்துக்குப் போனபோது பெரிய டக்குகள் வந்தன. அதை ஓட்ட முதல்தரச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பழைய ஆட்களுக்கு வேண்டாம், அனுபவமே போதும் என்றும் சொன்னார்கள். சூசை மச்சான் அதை நம்பி இருந்துவிட்டார். உனக்கு வயது இருக்கிறது, பரீட்சைக்கு எழுதிப் போடு என்று என்னைப் பிடித்துத் தள்ளியவரும் அவர்தான். நான் பரீட்சைக்குப் படித்த நாட்களில் என் ஷிப்டையும் சேர்த்து அவர் பார்த்தார். நான் பாஸானதும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகுதான் மேலே இருந்தவர்கள் மனம் மாறினார்கள். சீனியர் டக் மாஸ்டர் என்று ஒரு பதவி உண்டாக்கி, அதற்குச் சான்றிதழ் கட்டாயம் என்று ஆக்கினார்கள். ஒருநாள் காலை அறிவிப்புப் பலகையில் உத்தரவு ஒட்டியிருந்தது. அதில் என் பெயர்.

நான் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்து அவரும் வாசித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "வாழ்த்துகள் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சார்! என் கல்யாணத்தில் எனக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிட்ட மனுஷன் என்னை சார் என்கிறார். பிடரியில் நாலு போட்டிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. மத்தியானத்துக்குள் கேன்டீன் முழுக்கப் பேச்சு. மச்சானின் காலை வாரிவிட்டு மாப்பிள்ளை மேலே ஏறிவிட்டான் என்று என் காதுபடவே பேசினார்கள். சூசை அதை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஞாயிறு அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. பிலோமினா மீன் குழம்பு வைத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டை வைத்தாள், சோறு வைக்கவில்லை. "எங்கண்ணன் காலை வாரிட்டு வந்த சம்பளத்துல எனக்குச் சோறு போடாதீய" என்றாள். நான் யாரிடமும் போய் நிற்கவில்லை, யார் காலிலும் விழவில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சத்தியம்கூடப் பண்ணினேன். "ஒங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?" என்பாள். எனக்கே தெரியாததை நான் எங்கிருந்து சொல்வேன்?

பிலோமினா மூன்று வேளையும் சமைத்தாள், துவைத்தாள், எல்லாம் செய்தாள். ஆனால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வேலையில் மச்சான் பேசவில்லை, வீட்டில் தங்கச்சி பேசவில்லை. இரண்டு பேர் பக்கத்திலும் நியாயம் இருந்ததுதான் கொடுமை.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் கேப்டன் அறைக்குப் போனேன். கேப்டன் என்றால் எங்கள் துறைமுகப் பைலட்டுகளில் மூத்தவர். மெட்ராஸ்காரர். வெளியே நிற்கிற கப்பலில் ஏறி உள்ளே கொண்டுவருவது அவர் வேலை. கோபமே வராது. வராத கோபத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். ஒவ்வொரு கப்பலையும் கட்டி முடித்த பிறகு எங்கள் டக்கில் இறங்கி, ஒரு கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்துகொள்வார். என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்று எங்களையே சொல்லவைப்பார். நடுவில் குறுக்கிட மாட்டார். நாம் பொய் சொன்னால் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மனுஷனுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. வார்த்தைகள். அவர் மேஜையில் கடல் வரைபடத்துக்குப் பக்கத்தில் தலையணை மாதிரி ஒரு ஆங்கில அகராதி எப்போதும் கிடக்கும்.

அந்தப் பதவி எனக்கு வேண்டாம், ரத்து பண்ணிவிடுங்கள் என்றேன். அது தன் கையில் இல்லை என்றார். "நீ வேண்டாம்னாலும் அவருக்குக் கிடைக்காது, சான்றிதழ் இருக்கற வேற ஒருத்தன் வருவான்" என்றார். ஊரே என்னைக் காலை வாரினவன் என்கிறது சார் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அழாத குறையாக நிற்கிறேன், இவர் அகராதியைப் புரட்டுகிறார்.

சப்ளாண்ட் என்று ஒரு சொல் இருக்கிறதாம். ஒருவனை நீக்கிவிட்டு அவன் இடத்தை எடுத்துக்கொள்வது. லத்தீன் மொழியில் அதன் வேர் உள்ளங்கால் என்றார். காலுக்கு அடியில் கொடுத்து இடறிவிடுவது. "உங்க ஊர்க்காரங்க சொல்றாங்களே, காலை வாரறது, அதேதான். ரோமாபுரியிலயும் காலைத்தான் வாரியிருக்காங்க" என்று சிரித்தார். ஆனால் உனக்கு நடந்தது அதில்லை, உனக்கு நடந்தது சூப்பர்சீட் என்றார். அதற்கு வேர், மேலே உட்காருவது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. அந்தப் பழைய ரோமாபுரிக்காரர்கள் அந்தச் சொல்லை யாரையும் நீக்குவதற்குச் சொல்லவில்லையாம். ஒரு காரியத்தில் இறங்காமல் ஒதுங்கி உட்கார்ந்திருப்பது, செய்யாமல் விட்டுவிடுவது என்றுதான் அவர்களுக்கு அர்த்தம். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கையில் போய்க் காரியத்தைத் தள்ளிப்போடுவது என்றானது. வெள்ளைக்காரன் கோர்ட்டில் ஒரு நடவடிக்கையை நிறுத்திவைக்கிற உத்தரவுக்கு அந்தப் பெயர் வந்தது. ஒன்றை நிறுத்திவைத்தால் அந்த இடத்தில் இன்னொன்று வரத்தானே செய்யும்? கடைசியாகத்தான் ஒருவரை ஒதுக்கிவிட்டு இன்னொருவரை வைப்பது என்று ஆகியிருக்கிறது.

"முதல் வார்த்தையில ஒரு குற்றவாளி இருக்கான் ரபேல். இரண்டாவதுல யாருமே இல்லை" என்றார்.

எனக்கு லத்தீன் வேண்டாம் சார், எனக்கு என் மச்சான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்போது அந்தப் பேச்சு எனக்குக் கேலியாகத்தான் பட்டது.

இனி நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் சங்கு ஊதுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மில்லில் ஊதினாலும் கப்பலில் ஊதினாலும் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் சங்குதான். வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு சிரிக்கவேண்டாம்.

அப்போது வாக்கி டாக்கி வந்துவிட்டிருந்தது. உப்புக் காற்றில் பாதி நாள் அது வாயைத் திறக்காது. அதனால் பைலட் கப்பலின் மேல்தட்டிலிருந்து விசில் அடிப்பார். நீளமாக இரண்டு விசில் என்றால் இரண்டு டக்கும் பின்னால் இழுக்கவேண்டும். விசில் கேட்டது என்பதற்கு ஒவ்வொரு டக்கும் தன் சங்கை ஒருமுறை ஊதும். மூத்த மாஸ்டர் முதலில், அது ஓய்ந்தபிறகு இளையவர். இரண்டும் சேர்ந்து ஊதினால் செல்லாது. ஒரு டக் ஊதியதா இரண்டும் ஊதியதா என்று மேலே நிற்கிறவருக்குத் தெரியாது, அதனால் அவர் திரும்ப விசில் அடிப்பார், நாங்கள் திரும்ப ஒவ்வொருவராக ஊதவேண்டும். ஊதாமல் இழுக்கவே கூடாது. முன்பு ஒருமுறை ஒருவர் ஊதாமல் இழுத்தார். பைலட் அது தெரியாமல் கப்பல் எஞ்சினை முன்னால் ஓட்ட, வடம் அறுந்து வந்து ஒரு லஸ்கரின் கையைக் கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து கேப்டன் இந்த விஷயத்தில் இம்மிகூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

அதுவரை எல்லாக் கப்பலுக்கும் சூசை மச்சானின் சங்குதான் முதலில். அது ஓய்ந்ததும் என்னுடையது. உத்தரவு வந்த பிறகு எங்கள் இருவருக்கும் வேறு வேறு ஷிப்ட் விழுந்துகொண்டிருந்தது. இனிமேல் யார் முதலில் ஊதுவது என்று ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவும் இல்லை. அது ஒரு கேள்வி என்றே யாருக்கும் தோன்றவில்லை.

ஆடி மாதம். மேற்கிலிருந்து கச்சான் காற்று பேயாக வீசிக்கொண்டிருந்தது. உர ஆலைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு ஒரு பழைய கப்பல் வந்திருந்தது. முன்பக்கம் நான், பின்பக்கம் மச்சான். உத்தரவுக்குப் பிறகு ஒரே கப்பலில் நாங்கள் சேர்வது அன்றுதான் முதல் தடவை. வடம் கொடுக்கும்போது அவர் டக் என்னைக் கடந்து போனது. நான் கையைத் தூக்கினேன். அவர் நேரே பார்த்துக்கொண்டு போனார்.

காற்று எதிரே அடித்ததால் கப்பல் சுக்கானுக்குக் கட்டுப்பட வேண்டுமென்றால் கொஞ்சம் வேகம் இருந்தாக வேண்டும். கேப்டன் அந்த வேகத்தோடுதான் உள்ளே கொண்டுவந்தார். கப்பல் கட்டுகிற மேடையான ஜெட்டியை நெருங்கியதும் எஞ்சினைப் பின்னால் ஓட்டி நிறுத்துவது வழக்கம். கப்பலின் முன்னால், ஜெட்டி ஓரத்தில், துடுப்புப் படகில் நாலு பேர் காத்திருந்தார்கள். கப்பலின் முன்கயிற்றை வாங்கிக் கரைக்குக் கொண்டுபோகிறவர்கள். தினமும் என்னோடு உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள்.

பின்னால் ஓடவேண்டிய எஞ்சின் ஓடவில்லை. அது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கப்பல் எஞ்சின் திரும்பும்போது இரும்பு முழுவதும் ஒரு நடுக்கம் வரும், வடத்தின் வழியாக அது நம் டக்குக்கும் வரும். வரவில்லை. கப்பல் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. மேலே நீளமாக இரண்டு விசில் கேட்டது.

சங்குக் கயிற்றில் என் கை இருந்தது. காது பின்பக்கம் இருந்தது. மச்சான் ஊதட்டும் என்று காத்திருந்தேன். யோசித்துச் செய்ததில்லை அது, அத்தனை வருஷப் பழக்கம் கையைப் பிடித்துவைத்திருந்தது. சத்தம் வரவில்லை. கப்பலின் மூக்கு ஜெட்டியை நோக்கிப் போகிறது. இன்னும் சத்தம் வரவில்லை. அப்போதுதான் என் மனசுக்குள் அந்த நினைப்பு வந்தது. வேண்டுமென்றே செய்கிறார். என்னை அசிங்கப்படுத்தக் கப்பலையே மோதவிடப் பார்க்கிறார். ஏசினேன், வாயில் வந்ததெல்லாம் ஏசினேன். என் லஸ்கர் என்னை வெறித்துப் பார்த்தான்.

மறுபடியும் இரண்டு விசில். கேப்டன் மேல்தட்டின் ஓரத்துக்கு வந்து பாதி உடம்பை வெளியே நீட்டி நின்றார். படகில் இருந்த நாலு பேரும் கப்பல் நிற்கவில்லை என்பதை அப்போதுதான் கண்டார்கள். ஒருவன் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினான். மற்றவர்கள் துடுப்பை வலிக்க ஆரம்பித்தார்கள். காற்று அவர்களை ஜெட்டிச் சுவரை விட்டு விலகவிடாமல் சுழற்றியது.

ஊதினேன். அதே நொடியில் பின்னாலும் ஊதியது. இரண்டும் ஒன்றாக.

செல்லாது. சட்டப்படி அது செல்லாது. கேப்டன் திரும்ப விசில் அடிக்கவேண்டும், நாங்கள் திரும்ப ஊதவேண்டும். அதற்குள் படகு சுவருக்கும் இரும்புக்கும் நடுவில் போய்விடும். என் கை அடுத்த விசிலுக்காகக் காத்து நின்றது. மச்சான் காத்திருக்கவில்லை. கப்பலின் பின்னால் தண்ணீர் வெள்ளையாகப் பொங்கிக் கிளம்புவதைப் பார்த்தேன். வடம் தண்ணீரை விட்டு மேலே வந்து விறைத்தது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீரைப் பிழிந்தது. அதைப் பார்த்ததும் நானும் முழு வேகத்தில் பின்னால் கொடுத்தேன். மேலே கேப்டன் கப்பல் எஞ்சினை இயக்குகிற ஆளைப் பார்த்துக் கையைத் தூக்கி, ஒன்றையும் தொடாதே என்று காட்டினார்.

அறுந்துவிடாதே, மாதாவே, அறுந்துவிடாதே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். கப்பல் நின்றதை நான் பார்க்கவில்லை. டக்கின் அதிர்வு குறைந்தபோதுதான் தெரிந்தது. படகு கப்பலின் மூக்குக்குக் கீழே இருந்து பக்கவாட்டில் வெளியே வந்தது. ஒரு துடுப்பு சுவரில் சிக்கி இரண்டாக ஒடிந்திருந்தது. நாலு தலையையும் எண்ணினேன். நாலும் இருந்தது.

கப்பலைக் கட்டி முடித்தோம். பிறகு இரண்டு டக்கையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டச் சொல்லி, கேப்டன் என் டக்கில் இறங்கி வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். சூசை தன் டக்கிலிருந்து தாண்டி வந்து நின்றார். இரண்டு பேர் கழுத்தும் கத்திக்கு அடியில் இருந்தது. ஊதவேண்டிய நேரத்தில் ஊதாததற்கு ஒருவர்மேல் புகார் எழுதலாம். செல்லாத சங்குக்கு இழுத்ததற்கு இன்னொருவர்மேல் எழுதலாம். மச்சானுக்கு ஓய்வு பெறச் சில வருஷங்களே இருந்தன. எழுதினால் பென்ஷனில்தான் கை வைப்பார்கள்.

"யார் முதல்ல ஊதியிருக்கணும்?" என்று கேட்டார் கேப்டன்.

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்த்தார். அவர் பேசட்டும் என்று நான் நிற்கிறேன், நான் பேசட்டும் என்று அவர் நிற்கிறார். கேப்டன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்கேயும் அதேதானா?" என்றார்.

அதன்பிறகுதான் எனக்கு நாக்கு வந்தது. "நான்தான் சார் ஊதியிருக்கணும். சூசை அண்ணாச்சி ஊதுவாவன்னு நின்னுட்டேன். பழக்கம்."

கேப்டன் திரும்பி, "நீங்க?" என்று சூசையைக் கேட்டார்.

"சீனியர் ஊதட்டும்னு நின்னேன் சார். உத்தரவு."

கேப்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. இரண்டும் உண்மை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் அந்த நிமிஷம் விளங்கியது. மச்சான் என்னைப் பழிவாங்கவில்லை. புது உத்தரவுக்கு மரியாதை கொடுத்து நின்றிருக்கிறார். நான் அவருடைய பழைய இடத்துக்கு மரியாதை கொடுத்து நின்றிருக்கிறேன். இந்த இரண்டு மரியாதைக்கும் நடுவில் நாலு பேர் செத்திருப்பார்கள்.

தான் எதுவும் எழுதப்போவதில்லை என்றார் கேப்டன். எஞ்சின் ஓடாததைப் பற்றி மட்டும் எழுதுவாராம். பிறகு வாளியை விட்டு எழுந்து, இன்றுமுதல் பின்பக்க டக்தான் முதலில் ஊதும், அதில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி என்றார். சீனியர், ஜூனியர் எல்லாம் ஜெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த முறை நான் ஓய்வு பெறும்வரை இருந்தது. புதிதாக வந்த பையன்கள் அதற்குக் காரணம் காற்று என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

லஸ்கர்கள் வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சூசை தன் டக்குக்குத் தாண்டப் போனவர் நின்றார். இத்தனை நாளுக்குப் பிறகு நானாகவே போய்க் கையைப் பிடித்தேன். மச்சான், உங்கள் காலை நான் வாரவில்லை, மாதா மேல் சத்தியம் என்றேன்.

"தெரியும்லே" என்றார்.

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"அந்தப் பலகைல பாத்தப்பவே தெரியும். ஒன்னைய எனக்குத் தெரியாதா?" என்றவர் கையை உருவிக்கொண்டார். குரல் தாழ்ந்துவிட்டது. "நீ வாரியிருந்தா நல்லாருந்திருக்கும்லே. அன்னைக்கே ஒன்னைப் போட்டு நாலு சாத்து சாத்திட்டு, ஞாயித்துக்கெழம சோறு திங்க வந்திருப்பேன். நீ ஒண்ணுமே செய்யல. ஒருத்தனும் ஒண்ணும் செய்யல. ஆனா நான் கீழ கெடக்கேன். நான் யாரைப் போய் அடிக்க, சொல்லு?"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த மனுஷன் கண்ணில் அதற்கு முன்னால் நான் கடல் தண்ணீரைத்தான் பார்த்திருக்கிறேன். என்னையாவது அடியுங்கள் மச்சான் என்றேன்.

அடித்தார். சும்மா தட்டினார் என்று நினைக்கவேண்டாம். வடம் பிடித்த கை, காதோடு சேர்த்துப் பளார் என்று விழுந்தது. டக் கம்பியைப் பிடித்துக்கொண்டதால்தான் கடலில் விழாமல் நின்றேன். லஸ்கர்கள் வடத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். கீழ்ப் பணியாளர் சீனியர் டக் மாஸ்டரைப் பணியில் வைத்து அடித்தால் அன்றோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஜெட்டியில் போய்க்கொண்டிருந்த கேப்டன் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, கடலைப் பார்க்கத் திரும்பியவர்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போனோம். வாசலில் அண்ணனைக் கண்டதும் பிலோமினா அடுப்படியில் இருந்து ஓடி வந்தாள். வந்தவள் என் கன்னத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். ஐந்து விரலும் பதிந்து வீங்கியிருந்தது.

"யாரு அடிச்சா?" என்று என்னைத்தான் கேட்டாள். அத்தனை நாளில் என்னோடு அவள் பேசிய முதல் பேச்சு அது.

"நான்தான்" என்றார் அவள் அண்ணன்.

அவ்வளவுதான், பிலோமினா அவரைப் பிடித்துக்கொண்டாள். தெருவே கேட்கிற மாதிரி ஏசினாள். என் புருஷன் மேல் கை வைக்க நீ யார், கட்டிக்கொடுத்தால் அடிக்கவும் உரிமை உண்டா என்றெல்லாம் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஏசி ஓய்ந்ததும், அழுதுகொண்டே, இவர் உன் காலை வாரினார் என்றுதானே அடித்தாய் என்று கேட்டாள்.

"இல்ல, ஏளா. அவன் வாரல" என்றார்.

"அப்ப எதுக்கு அடிச்ச?"

அவர் என்னைப் பார்த்தார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அந்த வீட்டு வாசலில் அதை நான் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் எங்கள் தெருவில் குடியிருக்கவில்லை. நான் குடியிருந்தேன்.